முடுக்குவதும் விடுவதும்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் பாலாற்றுப் பாலம், மாமண்டூர், படாளம் எல்லாம் கழிந்து, மதுராந்தகம் வருவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது கருங்குழி. வள்ளலார் வாழ்ந்த கருங்குழி இதுவன்று. அது வடலூருக்குப் பக்கத்தில், கடலூர் மாவட்டத்தில் உள்ளது. இந்தக் கருங்குழி செங்கல்பட்டு மாவட்டத்துப் பேரூராட்சி. நெல் வயலும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருப்பதால், இன்ஜின் சத்தம் இங்கே எந்த நேரமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

இந்தச் சாலையோரத்து இருசக்கர வண்டிப் பட்டறை ஒன்றில் கொஞ்ச நேரம் நின்று காதைக் கொடுத்தால் போதும், இன்ஜினுக்கென்று தமிழர்கள் சேர்த்துவைத்திருக்கும் வினைச்சொற்கள் வரிசையாக வந்துவிடும். வண்டி இழுக்கிறது, இழுக்கவில்லை, திக்குகிறது, அடைக்கிறது, இரைகிறது, மக்கர் பண்ணுகிறது, பிக்கப் இல்லை, ரேஸ் நிற்கவில்லை. வேகம் கூட்டச் சொல்ல வேண்டுமென்றால் “ரேஸ் குடுங்க” என்பார்கள். கைப்பிடியைத் திருகுவதால் “முறுக்கு” என்பார்கள். லாரிக்காரரானால் “மிதி” என்பார். “முடுக்கு” என்று யாரும் சொல்லிக் கேட்க முடியாது.

அதே பட்டறைக்குப் பக்கத்து டீக்கடையில் கிடக்கும் நாளிதழை எடுத்துப் பிரித்தால் கதை வேறு. மழைநீர் வடிகால் பணிகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன. தேர்தல் ஏற்பாடுகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன. குற்றவாளிகளைத் தேடும் பணியை அதிகாரிகள் முடுக்கிவிட்டுள்ளனர். இன்ஜினைத் தொட்டுப் பழகும் மனிதர் வாயில் வராத சொல், இன்ஜினே இல்லாத காரியங்களுக்கெல்லாம் அச்சில் ஓயாமல் புழங்குகிறது. பள்ளிப் பாடநூல் இந்தச் சொல்லிலிருந்து முடுக்கம் என்ற கலைச்சொல்லை ஆக்கிக்கொண்டது. காரின் ஆக்சிலேட்டரை முடுக்கி என்கிறது. வேர் ஒன்றுதான். ஆனால் பாடநூல் சொல்லும் பொருளும் செய்தி சொல்லும் பொருளும் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்பதே நான் இங்கே சொல்ல வருவது. பொதுப்பணிகளைப் பற்றி நாம் பேசும் விதத்தை அந்த விலகல் பாதித்திருக்கிறது என்றும் நினைக்கிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. முடுகு என்பது தன்வினை. முடுக்கு அதன் பிறவினை. பெருகு – பெருக்கு, உருகு – உருக்கு என்பவற்றைப் போன்ற இணை. தானாக விரைவது முடுகுதல், பிறிதொன்றை விரையச் செய்வது முடுக்குதல். இந்தச் சொல்லைத் தமிழ் முதலில் அளந்து பார்த்தது வண்டியில் அன்று, செய்யுளில். தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களைச் சொல்கிறது; அவற்றில் ஒன்று முடுகு வண்ணம். அடி எங்கே முடிகிறது என்றே தெரியாதபடி ஓசை அடியின் எல்லையைத் தாண்டி ஓடுவது அதன் இலக்கணம். நின்று மூச்சு வாங்க இடம் கொடாமல் அடுத்த அடிக்குள் தள்ளிக்கொண்டு போகும் நடை. விரைவைத் தூரத்தால் அளக்காமல், நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமையால் அளந்திருக்கிறார்கள். பேருந்து நிறுத்தம் தாண்டிப் போகும்போது பயணி உடம்பில் உணர்வதும் இதைத்தான்.

இன்னொரு முடுக்கும் உண்டு, பெயர்ச்சொல். மூலைமுடுக்கு என்பதில் இருப்பது அதுதான். திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களில் இருவர் எதிரெதிரே வந்தால் தோளை ஒடுக்கிக்கொண்டு போகவேண்டிய சந்துக்கு முடுக்கு என்று பெயர். தென்மாவட்டங்களில் திருகாணியை இறுக்குவதும் முடுக்குவதுதான்: “ஆணியை இன்னும் ரெண்டு சுத்து முடுக்கு.” நெருக்கம், இறுக்கம், விரைவு மூன்றும் ஒரே ஒலிக்குள் வந்து நிற்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நெருக்கினால்தான் ஒன்று விரைகிறது. அகன்ற ஆறு நின்று நின்று நகரும். அதே நீர் குறுகிய மதகில் புகுந்தால் சீறும். பழைய மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாகும். காற்று போகும் குழாய் நடுவில் ஓரிடத்தில் குறுகியிருக்கும். அந்தக் குறுகலில் காற்று வேகம் பிடிக்கிறது, அதன் அழுத்தம் இறங்குகிறது, கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மெல்லிய துளை வழியே உறிஞ்சப்பட்டு அதனோடு கலக்கிறது. முடுக்கு என்ற இடம்தான் முடுக்கு என்ற வினையைச் செய்கிறது. அந்தக் குழாயில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவுக்கு ஆங்கிலத்தில் த்ராட்டில் என்று பெயர். குரல்வளையை நெரிப்பது என்பதே அச்சொல்லின் பழைய பொருள். நெரிப்பதைக் குறித்த சொல் அங்கே முழுவேகத்தைக் குறிக்க வந்துவிட்டது. தமிழ்ச் சொல்லுக்கு அந்தச் சுற்றுவழி தேவைப்படவில்லை.

இன்ஜின் வருமுன் முடுக்குவதற்கு இருந்தவை மாடும் குதிரையும். தேரைக் கடாவினார்கள், குதிரையை உகைத்தார்கள், மாட்டை முடுக்கினார்கள். கருங்குழிக்கு இதில் ஒரு பங்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் சென்னைக்குத் தெற்கே இருந்த முக்கியமான கோட்டைகளுள் கருங்குழிக் கோட்டையும் ஒன்று. 1781 ஜனவரியில் ஆங்கிலத் தளபதி ஐர் கூட்டின் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை அதை மைசூரின் ஹைதர் அலியின் ஆட்களிடமிருந்து பிடித்தது. அந்தப் போர் முழுவதும் கூட்டைத் தடுத்து நிறுத்தியது எதிரியின் பீரங்கியைவிடத் தன் பீரங்கிகளையும் அரிசி மூட்டைகளையும் இழுக்கப் போதிய மாடுகள் இல்லாததுதான். வெற்றி பெற்ற பிறகும் விரட்டிப் போக முடியாமல் படை நின்றிருக்கிறது. எவ்வளவு அதட்டினாலும் இழுவை இருக்கும் அளவுக்குத்தான் நகரும். இன்றைக்குப் பட்டறையில் “வண்டி இழுக்கல” என்று சொல்லும்போது நாம் கையாள்வது அந்த மாட்டு வண்டிக் காலத்து வினையைத்தான்.

இனி, செய்தித்தாளில் வரும் வடிவத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அது வெறும் முடுக்கு அன்று, முடுக்கி-விடு. தமிழில் துணைவினையாக வரும் விடு பல வேலைகளைச் செய்யும். அவற்றுள் ஒன்று, ஒன்றைக் கிளப்பி அதன் போக்கில் போகவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வதைக் காட்டுவது. ஏவிவிடுவது, தூண்டிவிடுவது, கிளப்பிவிடுவது, உசுப்பிவிடுவது, அவிழ்த்துவிடுவது எல்லாம் இந்தக் குடும்பம். புரளியைக் கிளப்பிவிட்டவர் அது ஊர் சுற்றும்போது கூடவே நடப்பதில்லை. நாயை ஏவிவிட்டவர் திண்ணையில்தான் இருப்பார். “அவனை முடுக்கிவிட்டு வேடிக்கை பாக்குறான்” என்று வீட்டுச் சண்டையில் சொல்வார்களே, அதில் இந்த ஒதுங்கல் முழுமையாகத் தெரியும். ஆக, முடுக்கிவிடுதல் என்பதில் இரண்டு செயல்கள் உண்டு: ஒன்று விசை கொடுப்பது, அடுத்தது கையை எடுப்பது.

இப்போது ஆக்சிலேட்டருக்கு வருவோம். அதன் அமைப்பே கையையும் காலையும் எடுக்க விடாதது. மிதியையும் கைப்பிடியையும் திருப்பி இழுக்க ஒரு சுருள்வில் இருக்கிறது. விட்ட மாத்திரத்தில் அது பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பெட்ரோல் வண்டியில் காற்றுக் கதவு மூடிக்கொள்ளும். டீசல் வண்டியில் எரிபொருளின் அளவு குறையும். இப்போதைய வண்டிகளில் இன்னும் கறாரான ஏற்பாடு: கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது காலை முழுக்க எடுத்துவிட்டால், கணினி எரிபொருளையே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கும். ஓட்டுநர் பயிற்சி கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து “ஆக்சிலேட்டர விடு, விடு” என்று கத்தினால் வேகத்தைக் குறை என்று பொருள். சாலையில் விடுவது முடுக்குவதற்கு நேர் எதிர். அச்சிலோ இரண்டும் ஒட்டிப் பிறந்த ஒரே சொல்.

வெறும் இலக்கண வேடிக்கையாக இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் முடுக்கிவிடுதல் என்ற சொல் சரியாகப் பொருந்துகிற ஓர் இன்ஜின் இந்த வட்டாரத்து வயல்களிலேயே இருந்தது. அதைப் பார்த்தால்தான் அந்தச் சொல் எதையெல்லாம் கேட்கிறது என்பது விளங்கும்.

மின்மோட்டார் எல்லாக் கிணற்றுக்கும் வந்து சேர்வதற்கு முன்னால் கிணற்று மேட்டில் இருந்தது ஆயில் இன்ஜின். ஒற்றை சிலிண்டர், ஐந்து குதிரைத்திறன். நிமிடத்துக்கு 650 சுற்று போல நிதானமாகத் தடதடக்கும் லிஸ்டர் வகை ஒன்று. 1500 சுற்று ஓடும் பீட்டர் வகை இன்னொன்று. சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. இரும்புக் கைப்பிடியை அச்சில் மாட்டிக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். டீசல் இன்ஜினில் தீப்பொறி பிளக் இல்லை. சிலிண்டருக்குள் அகப்பட்ட காற்றைப் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழாக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும். அந்த நேரத்தில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் அப்படி நசுக்குமளவு பலம் எந்த மனிதர் கைக்கும் உடனே வராது. அதற்காகத் தலைப்பகுதியில் ஒரு சிறிய நெம்புகோல். அதைத் தூக்கிவைத்தால் வால்வு மூடாமல் நிற்கும். காற்று நசுங்காமல் வெளியே போய்விடும். கைப்பிடி லேசாகச் சுற்றும்.

இடது கையால் நெம்புகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்ற ஆரம்பிப்பார்கள். கட்டை விரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்கக் கூடாது. மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கைப்பிடி விரலைவிட்டு நழுவிப் போகும். கட்டை விரல் சுற்றியிருந்தால் மணிக்கட்டு போய்விடும். முதல் சுற்றுகள் கனக்கும். பிறகு கனத்த சக்கரம் ஓட்டம் பிடிக்கும். சுற்றச் சுற்ற அந்தச் சக்கரத்துக்குள் மனிதர் உழைப்பு சேர்ந்துகொண்டே போகிறது. இனி சேராது என்று தோள் சொல்லும் கணத்தில் இடது கை நெம்புகோலை விடும். வால்வு மூடும், சக்கரத்தில் சேர்ந்த விசை காற்றை நசுக்கும், ஒரு முட்டல், ஒரு கரும்புகை, அடுத்து தடதடவென்ற சத்தம். இன்ஜின் பிடித்துக்கொண்டது. கைப்பிடியின் பல் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், அச்சு கையைவிட வேகமாகச் சுற்ற ஆரம்பித்ததும் அது தானே கழன்று கையோடு வந்துவிடும்.

இதுதான் முடுக்கிவிடுதல். முடுக்குகிறார், விடுகிறார், அது ஓடுகிறது. ஆனால் விடுவதற்கு முன்னால் என்னவெல்லாம் இருந்திருக்க வேண்டும்? தொட்டியில் டீசல். சக்கரத்தில் சேர்ந்த சுற்று. விட வேண்டிய கணத்தைத் தெரிந்த கை. அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு, கண்ணுக்குத் தெரியாதது. இன்ஜினுக்குள் கவர்னர் என்ற சிறு கருவி இருக்கிறது. சுழலும் எடைகள் வேகம் கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும். அதற்கேற்ப டீசல் பாயும் அளவைக் குறைக்கும், கூட்டும். பம்பு அதிக நீரை இழுத்து இன்ஜின் திணறினால் கூடுதல் டீசல் போகிறது. பாரம் குறைந்தால் டீசலும் குறைகிறது. அது இருப்பதால்தான் விவசாயி இன்ஜினைக் கிளப்பிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போக முடிந்தது. விட்டுவிட்டுப் போகலாம் என்ற உரிமையை அவருக்குக் கொடுத்தது அந்தக் கருவி.

பணி முடுக்கிவிடப்பட்டது என்று எழுதும்போது இந்த நான்கும் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். பணம் இருக்கிறதா? ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையா? விடுகிற ஆளுக்கு அந்த வேலை தெரியுமா? திணறினால் கூடுதலாகக் கொடுக்கவும், தேவையில்லாதபோது குறைக்கவும் உள்ளே ஏதாவது ஏற்பாடு உண்டா? இந்த நான்கும் இருந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை. இல்லாதபோது அங்கே நடப்பதற்குப் பட்டறையில் வேறு பெயர் இருக்கிறது: நியூட்ரலில் ரேஸ் கொடுப்பது. சத்தம் வரும், புகை வரும், மானி முள் ஏறும், சக்கரம் நகராது. காலையில் எடுத்த எடுப்பில் அப்படி முறுக்கினால் இன்ஜினுக்குக் கேடும்கூட. ராத்திரி முழுக்க அடியில் இறங்கித் தங்கிய ஆயில் மேலேறி வால்வுகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் போய்ச்சேரச் சில நொடிகள் வேண்டும். அதற்குள் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். “உடனே ரேஸ் குடுக்காதீங்கண்ணே, ஆயில் ஏறட்டும்” என்று மெக்கானிக் சொல்வது இதற்காகத்தான்.

பட்டறை வினைகளுக்கு ஒரு நேர்மை உண்டு. அவை பெரும்பாலும் நோயைச் சொல்லும் வினைகள். கேட்டவுடன் எங்கே கைவைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். வண்டி திக்குகிறது என்றால் எரிபொருளோ தீப்பொறியோ விட்டு விட்டு வருகிறது. இழுக்கவில்லை என்றால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் விசை சக்கரத்துக்குப் போய்ச்சேரவில்லை. கிளட்ச் தட்டைப் பார்க்க வேண்டும், அல்லது சிலிண்டரில் அழுத்தம் இறங்கிவிட்டது. அடைக்கிறது என்றால் காற்றோ எண்ணெயோ போகும் வழியில் தூசி. இவை மனிதர்களைப் பற்றிய பேச்சுக்குள் வரும்போதும் இந்தத் துல்லியத்தை இழப்பதில்லை. கடன் வாங்கி வைத்த கடை ஆறு மாதம் கழித்துப் பிக்கப் ஆனது என்றால், அதுவரை வியாபாரம் மந்தம், இப்போது தன் பாரத்தைத் தானே இழுக்கிறது என்று பொருள். கல்யாணப் பேச்சு இழுக்கிறது என்றால் அறுபடவில்லை, முடியவுமில்லை. ஆள் முறுக்கிக்கொண்டு போகிறான் என்றால் விசை ஏறியிருக்கிறது, வெளியே போக வழியில்லை. படத்துக்கு ஸ்டார்டிங் ட்ரபிள் என்றால் முதல் அரைமணி நேரம்தான் குறை. எந்தக் கட்டத்தில் என்ன கோளாறு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கும்.

மாமல்லபுரம் கடற்கரையிலும் இப்படித்தான். விசை என்ற பழைய தமிழ்ச் சொல் அங்கே இன்ஜினுக்கே பெயராகிவிட்டது. உள்ளே இன்ஜின் வைத்த பெரிய படகு விசைப்படகு. துணி நெய்யும் இயந்திரம் விசைத்தறி ஆனதுபோல. கரையிலிருந்து புறப்படும் சிறு ஃபைபர் படகில் வெளியே மாட்டிய இன்ஜின். அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது விசை கூட்டுவதற்கு ஒரு கணம்தான் உண்டு: ஒரு பெரிய அலை உடைந்து அடுத்தது எழுமுன். முன்னால் கூட்டினால் படகின் மூக்கு அலையில் மோதும். பின்னால் கூட்டினால் படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். எப்போது கூட்டுவது என்ற கேள்வி எவ்வளவு கூட்டுவது என்பதைவிட அங்கே பெரியது.

பாடநூலின் முடுக்கமும் இந்தக் கணக்கைத்தான் கேட்கிறது. நேர்க்கோட்டில் போகும் வண்டிக்கு வேகம் மாறும் வீதமே முடுக்கம். கருங்குழியைத் தாண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரே சீராகப் போகும் பேருந்துக்கு வேகம் நிறைய, முடுக்கம் சுழியம். நின்ற இடத்திலிருந்து கிளம்பிப் பத்து நொடியில் 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் வண்டியின் முடுக்கம் நொடிக்கு நொடி 1.67 மீட்டர், கைதவறி விழும் கல்லுக்கோ 9.8. ஆக முடுக்கத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும்: முன்பு எவ்வளவு வேகம், இப்போது எவ்வளவு, இடையில் எவ்வளவு நேரம். ஒன்று குறைந்தாலும் கணக்கு நிற்காது. வடிகால் பணி முடுக்கிவிடப்பட்டது என்ற செய்தியில் போன மாதம் எத்தனை மீட்டர் தோண்டினார்கள், இந்த மாதம் எத்தனை என்று இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. செயப்பாட்டு வினையாக எழுதுவதால் யார் முடுக்கினார் என்பதும் இருக்காது. மிதியில் கால் வைத்தவரும் தெரியவில்லை, மானியும் இல்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, இதே மாவட்டத்தில், கல்பாக்கத்தில் முடுக்கி என்ற சொல்லுக்கு வேறொரு உயிர். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1.7 மெகாவோல்ட் துகள் முடுக்கி ஒன்று இருக்கிறது. மின்னூட்டம் பெற்ற அணுக்களை மின்னழுத்தத்தால் விரட்டி உலோகத்தில் மோதவிட்டு, அணு உலைக்குள் ஆண்டுக்கணக்கில் இருந்தால் அந்த உலோகம் எப்படிச் சிதையும் என்பதை மணிக்கணக்கில் பார்த்துவிட அது உதவுகிறது. எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு நேரம், எத்தனை துகள் என்று எல்லாமே எண்ணில் இருக்கும். அதே வளாகத்தில் 500 மெகாவாட் மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கியது. 2010இல் முடிக்கத் திட்டம். அதன் உலை மையத்தை நிரப்பும் பணி தொடங்கியது 2024 மார்ச்சில். திரவ சோடியத்தைக் குளிர்விப்பானாகக் கொண்ட, நாட்டில் இதற்கு முன் அந்த அளவில் கட்டிப் பார்க்காத உலை அது. பொறியாளர்கள் ஒவ்வொரு பாகத்தையும் சரிபார்த்து நகர வேண்டியிருந்தது. தாமதத்துக்குக் காரணங்கள் இருந்தன, அவை சொல்லத்தக்கவை. அவசரத்தை மட்டும் சொல்லும் ஒரு வினைச்சொல்லால் அந்தக் காரணங்களில் ஒன்றையும் சொல்ல முடியாது.

முடுக்குக்கு ஒலியில் மிக நெருங்கிய சொல் முடக்கு. ஓர் உகரம் அகரமாக மாறினால் போதும், ஓடியது நின்றுவிடும். முடம், முடங்கு, முடக்குவாதம், அந்த வாதத்துக்கு ரசம் வைத்துக் குடிக்கும் முடக்கத்தான் கீரை எல்லாம் இதன் உறவுச் சொற்கள். வங்கிக் கணக்கு முடக்கம், சொத்து முடக்கம், பணத்தை நிலத்தில் முடக்குவது, 2020 மார்ச்சில் நாடே அறிந்த பொதுமுடக்கம். செய்தி எழுதுபவர்கள் தலைப்பு திருத்தும்போது அஞ்ச வேண்டிய எழுத்துப்பிழைகளில் இது தலையாயது: பணிகள் முடுக்கம், பணிகள் முடக்கம். பொதுப்பணிகளைப் பற்றிய நம் அச்சுத் தமிழில் இந்த இரண்டு முனைகள்தான் வலுவாக நிற்கின்றன. தொடக்க விழா அன்று முடுக்கம். வேலை நின்றுபோய் மக்கள் சாலைக்கு வந்த அன்று முடக்கம். நடுவில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிய காலத்தைச் சொல்ல மந்தம், தொய்வு என்று ஒன்றிரண்டு சொற்கள். அவையும் எதிர்க்கட்சி அறிக்கையில் குற்றச்சாட்டாகத்தான் வரும், அளவாக வருவதில்லை.

இலங்கைத் தமிழ் மாணவர்கள் இந்த இடத்தில் நம்மைவிட வசதியாக இருக்கிறார்கள். அங்கே பிறவினையை எடுக்காமல் முடுகு என்ற தன்வினையிலிருந்தே கலைச்சொல் ஆக்கினார்கள். வேகம் கூடுவது ஆர்முடுகல், குறைவது அமர்முடுகல். இரண்டும் சமமான தகுதியுள்ள இரு சொற்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் குறைவதற்கு எதிர் முடுக்கம் என்று போட்டு, கூடுவதைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வைத்துச் சமாளிக்கிறோம். அமர்முடுகல் என்பதில் பழியில்லை, பதற்றமில்லை. ஓடியது அமர்ந்துகொண்டு வருகிறது, அதையும் அளக்கலாம் என்ற தெளிவு மட்டும் இருக்கிறது.

கருங்குழிக்கு அடுத்த ஊரில் இருக்கும் மதுராந்தகம் ஏரி தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளுள் ஒன்று. ஏரி காத்த ராமர் கோயிலும், 1790களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸின் பெயரோடு சேர்ந்த கதையும் அந்தக் கரைக்கு உண்டு. அண்மை ஆண்டுகளில் அதைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் வேலை நடந்தது. ஒரு பருவத்தில் முடியாமல் ஆண்டுகளாக நீண்டது. அந்த ஆண்டுகளில் ஏரி நீரை நம்பிய உழவருக்குத் தேவைப்பட்ட செய்தி, வேலை முடுக்கிவிடப்பட்டதா முடங்கிக் கிடக்கிறதா என்பதன்று. சென்ற கோடையில் நாளொன்றுக்கு எத்தனை லோடு மண் போனது, இந்தக் கோடையில் எத்தனை, குறைந்திருந்தால் எந்த மாதத்திலிருந்து, இந்தக் கணக்கில் போனால் சம்பா நாற்று விடலாமா கூடாதா என்பதுதான். அதற்கான சொல் யாழ்ப்பாணத்துப் பத்தாம் வகுப்புப் பையனின் நோட்டில் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து செய்தி அனுப்புகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை.